மூன்றாவது முடிச்சு

சுந்தரத்துக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரியும், போன மாதம்தான் பார்த்தேன். நான் எப்படி இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாமல் போனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆகவே நலம் விசாரிக்கிற பகுதியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்டுவிட்டுப் போன சாட்சியைத் தேடிக் கோம்பைக்கும் போனேன், உத்தமபாளையத்துக்கும் போனேன். கிடைக்கவில்லை. இந்த ஒரு வரியோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்பதை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். நாளைக்கு வேறு யாராவது சிரித்துக்கொண்டே உனக்குச் சொல்லக் கூடாது.

அன்றைக்கு நீ அல்லிநகரம் வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் பஸ்ஸின் கரிப்புகை. சர்க்கார் ரயில் தண்டவாளத்தை உலகச் சண்டைக்கென்று பிடுங்கிக்கொண்டு போன பிறகு எல்லோருக்கும் இந்தக் கோலம்தான். காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாய், குடிக்கவில்லை. ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருக்கிற உனக்குச் சின்னமனூரில் ஒரு பெரிய விவசாயி பெண் தர நினைக்கிறார், பெண்ணையும் உனக்குப் பிடித்துவிட்டது, நடுவில் இருக்கிற தரகர் நல்ல மனிதர் என்றாய். அந்த நல்ல மனிதரிடம் மட்டும் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். பெண் வீட்டுக்கு இன்னும் தெரியாது.

“அப்பா வழி நல்ல குடும்பம். அம்மா நாடகத்துல இருந்தவுகங்கிறதக்கூடச் சமாளிச்சுக்கிடலாம்கிறாரு. முறையாத் தாலி கட்டித்தான் குடும்பம் நடத்துனாகன்னு, கண்ணால பாத்தவுக ஒருத்தரு வந்து சொன்னாப் போதும்மா” என்றாய். இல்லாவிட்டால் என்ன என்று கேட்டேன். காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். “இல்லையின்னா, தாயில்லாப் பிள்ளையின்னு சொல்லிரச் சொல்றாரு.”

நான் சிரித்தேன், ஞாபகம் இருக்கிறதா? கோபத்தில் சிரிக்கவில்லை. மேடையில் நான் எத்தனையோ விதமாகச் செத்திருக்கிறேன். விஷம் குடித்திருக்கிறேன், தீயில் இறங்கியிருக்கிறேன், புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பாடிப் பாடியே செத்திருக்கிறேன். தரகர் வாயால் சாவது இதுதான் முதல் தடவை. அதுவுமில்லாமல் அன்றைக்கு எனக்கு நம்பிக்கை இருந்தது. ஒருத்தர் போதும் என்கிறானே பிள்ளை, நான் ஊரையே கூட்டிவருவேன் என்று நினைத்தேன். சாட்சி கிடைத்தால் உன் மணவறைப் பக்கம் எனக்கும் ஒரு இடம் உண்டு, கிடைக்காவிட்டால் நான் செத்தவள். இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை.

என் தொழிலைப் பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காதது நல்லது என்றுதான் நானும் இருந்தேன். இப்போது கொஞ்சம் கேட்டுக்கொள். எங்களுக்குக் கம்பெனி, முதலாளி என்று எதுவும் கிடையாது. ஊர்க்காரர்கள் எங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். ராஜா வேஷக்காரர் ஒரு ஊரிலிருந்து வருவார், ராணி வேஷக்காரி வேறொரு ஊரிலிருந்து வருவாள், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில் பார்த்துக்கொள்ளும்போதுதான் இன்றைக்கு என் புருஷன் இவர் என்று தெரியும். சித்தி என்னை மதுரையில் ஒரு நாடக வாத்தியாரிடம் விட்டபோது எனக்குச் சடைகூட ஒழுங்காகப் பின்னத் தெரியாது. அவரிடம்தான் பாட்டு, வசனம், எழுத்து எல்லாம் கற்றேன். மைக் இல்லாத காலம். கூட்டத்துக்குப் பின்னால் மாட்டுவண்டிமேல் படுத்துக்கொண்டு கேட்கிறவனுக்கும் சொல் சொல்லாக விழ வேண்டும். விழுந்தது. நெல் அறுப்பு முடிந்துவிட்டால் கூடலூரிலிருந்து போடி வரைக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் நான் கால் வைக்காத ஊர் இல்லை. நோட்டீசில் என் பெயருக்கு முன்னால் ஒரு பறவையின் பெயரும் பின்னால் ஒரு ஊரின் பெயரும் போடுவார்கள். பறவையும் பொய், ஊரும் பொய், நடுவில் இருந்த பெயரும் வாத்தியார் வைத்தது.

கல்யாணத்தில் முடியாத நாடகத்தை நம் பக்கம் யாரும் வைப்பதில்லை. விடியும்போது மேடையில் தாலி ஏறினால்தான் மழை ஒழுங்காகப் பெய்யும், ஊரில் தடைப்பட்டு நிற்கிற பெண்களுக்கும் காலம் வரும் என்று நம்பிக்கை. மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு, மேளம், அட்சதை எல்லாம் நிஜமாகவே இருக்கும். ஒன்றைத் தவிர. ராஜா இரண்டு முடிச்சுதான் போடுவார். மூன்றாவது முடிச்சு போடக் கூடாது, போட்டால் தாலி நிஜமாகிவிடும் என்பது எங்கள் ஆட்களிடம் இருந்த கட்டுப்பாடு. குடித்துவிட்டு மேடை ஏறுகிறவர்கள்கூட அதில் தவறமாட்டார்கள். படுதா விழுந்ததும் ராணியே பின்னால் கைவிட்டு அந்த இரண்டு முடிச்சையும் அவிழ்த்து, கயிற்றைச் சாமான்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் முகத்து அரிதாரத்தைக் கழுவ வேண்டும். வாத்தியார் எனக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்.

உன் அப்பாவோடு நான் பல தடவை நடித்திருந்தேன். நல்ல உயரம், நல்ல குரல், மேடையில் கண்ணைப் பார்த்துப் பேசுகிற ஆள். மற்ற ராஜாக்கள் கூட்டத்தைப் பார்த்துத்தான் காதல் சொல்வார்கள். எனக்கு அவர்மேல் ஆசை இருந்தது, அதை உன்னிடம் மறைத்து இனி என்ன ஆகப்போகிறது. கோம்பையில் கோவில் திருவிழாவுக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். அந்த ராத்திரி என் தொண்டை எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எந்த இடத்துக்குப் போகச் சொன்னாலும் போயிற்று. விடியும்போது கல்யாணக் காட்சி. மாலையும் கழுத்துமாக நான் பாடிக்கொண்டு நிற்கிறேன், அவர் பின்னால் நின்று கயிற்றைக் கட்டுகிறார். முதல் முடிச்சு விழுந்தது, இரண்டாவது விழுந்தது. கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டது, மறுபடி எடுத்தேன். அப்போது கழுத்துக்குப் பின்னால் அவர் விரல் மறுபடி அசைந்தது. மூன்றாவது முடிச்சு இறுகியது. எனக்குப் பாட்டு நிற்கவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது. கோம்பையே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் போல ஒரு சந்தோஷம் எனக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

படுதா விழுந்தது. சாமான்காரர் வந்து கயிற்றுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் உன் அப்பாவைப் பார்த்தார். உன் அப்பா கிரீடத்தைக் கழற்றிக்கொண்டே, “இருக்கட்டும்ப்பா, விடு” என்றார். அவ்வளவுதான் என் கல்யாணம். தேனியில் இதே அல்லிநகரம் வீட்டை எடுத்தோம். நீ பிறந்தாய். அவர் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவார், பலாப்பழம் வாங்கிக்கொண்டு வந்து தானே அறுத்துத் தருவார். கெட்ட மனிதர் இல்லை. நான் தொழிலுக்குப் போகும்போது உன் அப்பா கட்டியதை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்வேன். மேலே வேறு வேறு ராஜாக்கள் வந்து இரண்டு முடிச்சு போட்டுவிட்டுப் போவார்கள். “ஒனக்கு என்னத்தா, உள்ளுக்கு ஒருத்தரு வெளிய ஒருத்தரு” என்று கூட நடித்த பெண்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே இருப்பவர் நிஜம் என்ற தைரியத்தில் வந்த சிரிப்பு அது.

பேசும் படம் வந்தது. முதலில் மதுரையில்தான் இருந்தது, பிறகு தேனிக்கே கொட்டகை வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வருவது குறைந்தது. உன் அப்பாவுக்குத் தொழிலும் இல்லை, சும்மா இருக்கவும் தெரியவில்லை. உத்தமபாளையத்தில் அவருடைய அண்ணன் சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து, கூடவே அரவை மில்லில் பங்கும் தருவதாகச் சொன்னார். அண்ணனே ஒருநாள் நம் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். “நாடகத்துல கட்டுன தாலிக்குப் பாத்தியதை கேக்கலாமாம்மா? அப்படிப் பாத்தா எந்தம்பிக்கு ஜில்லா பூரா பொண்டாட்டில்ல இருக்கணும்” என்றார். நான் உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். மூன்று முடிச்சு போட்டேன் என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் உன்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு, அண்ணனோடு கிளம்பச் செருப்பைப் போட்டுக்கொண்டார். அன்றைக்கும் நான் அவரைக் கேட்கவில்லை. கேட்டு அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

உன்னைப் பெரியகுளம் ஹாஸ்டலில் சேர்த்தேன். ஆத்தா என்று கூப்பிட்ட பிள்ளை அங்கே போய் அம்மா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டது. ஒரு தடவை உன்னைப் பார்க்க வந்தேன், பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக. வாசலில் நின்ற பையன்கள் என்னை அடையாளம் கண்டு என் பாட்டையே பாட ஆரம்பித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நின்று, ஒரு வரியில் தப்பாகப் பாடியதைத் திருத்தியும் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் நீ வேப்பமரத்துக்குப் பின்னால் நிற்கிறாய். “இனிமே வராதம்மா. பணம் மட்டும் அனுப்பு” என்றாய். உனக்கு அது மறந்திருக்கும். எனக்கு அதில் வருத்தம் இருந்தது, உன்மேல் இல்லை, அந்தப் பூவின் மேல். சாதாரணச் சேலையில் வந்திருந்தால் அந்தப் பையன்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. பிறகு நான் வரவில்லை என்பது உனக்கே தெரியும்.

கோம்பைக்கு நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தத் திருவிழாவை முன்னின்று நடத்திய பெரியவர் இன்னும் திடமாக இருக்கிறார். களத்தில் நிலக்கடலை காயப் போட்டுக்கொண்டிருந்தார், காலடியில் அந்த ஊர்ச் செந்நிற நாய் ஒன்று. இப்போது என்னைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது, உடம்பு பருத்துவிட்டது, குரல் கம்மிவிட்டது. பழைய நோட்டீஸ் பெயரைச் சொன்னேன். துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறிக் கயிற்றுக் கட்டிலில் விரித்து உட்காரச் சொன்னார். மருமகளைக் கூப்பிட்டு, “ஏத்தா, யாரு வந்திருக்காகன்னு பாரு” என்றார். அந்த மரியாதையில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவர் போதும் என்று நினைத்தேன்.

அவருக்கு அந்த ராத்திரி அப்படியே நினைவிருக்கிறது. ஒன்ஸ்மோர் கேட்ட இடத்தைக்கூடச் சரியாகச் சொன்னார். “தாலி ஏறயில அழுதீகளே. எங்க வீட்டுப் பொம்பளைக அதையேதான் பேசிக்கிட்டுக் கெடந்தாக. பெத்த பிள்ளையக் கட்டிக் குடுத்த மாதிரி எல்லாரும் அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போனாக. அப்படி ஒரு நடிப்பு இங்கன யாரும் பாத்ததில்ல” என்றார். நான் சொன்னேன், அது நடிப்பு இல்லை, அன்றைக்கு அவர் மூன்று முடிச்சும் போட்டார், அது நிஜக் கல்யாணம். பெரியவர் என்னையே பார்த்தார், பிறகு ரொம்பப் பிரியமாகச் சிரித்தார். “அதத்தான் தாயி நானும் சொல்றேன். நடிப்புன்னே தெரியல.” சின்னமனூருக்கு வந்து கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்வீர்களா என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. “பாத்தேன்னு சொல்லுவேன். என்னத்தப் பாத்தீகன்னு கேட்டா, நாடகம் பாத்தேன்னுல்ல சொல்லணும். பொய் சொல்ல எனக்கு வராதே” என்றார். நியாயமான மனிதர். ஒரு படி நிலக்கடலையைக் கட்டிக் கொடுத்தார், வேண்டாம் என்றும் விடவில்லை. நான் அன்றைக்குக் கொஞ்சம் மட்டமாகப் பாடியிருந்தால், கொஞ்சம் மரத்துப்போய் நின்றிருந்தால், என்னமோ நடக்கிறது என்று ஒருத்தராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். பஸ் வருகிறவரைக்கும் இதையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு உத்தமபாளையத்துக்குப் போனேன். போகக் கூடாது என்று இத்தனை வருஷம் வைராக்கியமாக இருந்தவள்தான். உன் அப்பா மில் வாசலில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது, உட்காருகிற தோரணை மட்டும் போகவில்லை, சிம்மாசனத்தில் உட்காருகிற மாதிரியேதான். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அவர் வீட்டுக்காரி மோர் கொண்டுவந்து கொடுத்து, யார் என்று கேட்டாள். “எங்கூட நாடகத்துல நடிச்சவுக” என்றார். “அப்படியா? ஒரு பாட்டுப் பாடுங்களேன்க்கா, இவுக ஒரு நாளும் பாடிக் காட்டுனதில்ல” என்றாள். சூதுவாது இல்லாத முகம். தொண்டை போய்விட்டது என்று சொன்னேன். அவள் உள்ளே போன பிறகு உன் விஷயத்தைச் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை, நான்தான் கட்டினேன் என்று அவர் சொன்னால் போதும் என்றேன்.

வீட்டுக்காரி போன பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார். “மூணாவது முடிச்சு போட்டேனா இல்லையான்னா, போட்டேன். இல்லைங்கல. ஆனா எதுக்குப் போட்டேன்னு நீ ஒரு நாளும் கேக்கலையே.” இப்போது கேட்டேன்.

“ரெண்டு முடிச்சும் போட்டாச்சு. சனம் ஒன்ஸ்மோர் கேட்டுச்சு, நீ மறுபடியும் பாட்ட எடுத்துட்ட. நான் உம் பின்னால குனிஞ்சு நிக்கிறேன். அத்தன பேரு பாக்குறாக. நிமிந்தாக் காட்சி கெட்டுப்போகும். கைய வச்சு என்ன செய்ய? இன்னொரு முடிச்சப் போட்டுக்கிட்டு நின்னேன். பாட்டு முடியட்டும்னு.” வேட்டியில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டு, “பெறகு நீ அதக் கழட்டல. உம்முகத்தப் பாத்தேன். அவுத்துருன்னு சொல்ல மனசு வரல” என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, சுந்தரம். அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. மேடையில் சும்மா தொங்குகிற கையைப் போல அசிங்கம் வேறில்லை. வாத்தியார் அதற்காக எங்களைப் பிரம்பால் அடித்திருக்கிறார். அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். அவர் என்னைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. நான் பாட்டை நீட்டினேன், அந்த நேரத்தை அவர் நிரப்பினார். அதை வைத்துக்கொண்டு நான் ஒரு குடும்பம் நடத்தி, உன்னையும் பெற்று, இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறேன். எழுந்து வரும்போது கடைசியாக ஒரு தடவை கேட்டேன், எப்படி விழுந்ததோ விழுந்தது, முடிச்சு முடிச்சுதானே, வந்து சொல்லக் கூடாதா என்று. “எம்மகளுக்கும் வரன் பாத்துக்கிட்டிருக்கோம்” என்றார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எதுவும் இல்லை. அவர் பெண்ணும் ஒரு பெண்தானே.

ஆக, உனக்குக் கொடுக்க என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. இனி தேடவும் ஆள் இல்லை, ஆர்மோனியக்காரரும் சாமான்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தரகர் சொன்ன இரண்டாவது வழிதான் மிச்சம். நீ அதை மனசுக்குள் முடிவு செய்துகொண்டுதான் அன்றைக்கு என் வாசலுக்கு வந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனதிலேயே தெரிந்தது. அதற்காக உன்மேல் குறை இல்லை. எனக்கு வயிறு எரிகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் அது உன் கல்யாணத்தை நிறுத்துகிற அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. நான் சின்னமனூர் பக்கம் வரமாட்டேன். உனக்குக் குழந்தை பிறந்தது என்று கேள்விப்பட்டாலும் வரமாட்டேன். அந்தப் பெண்ணிடம் பிற்பாடு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடு. சொல்லாதே. அவள் நல்லவளாக இருந்தால் அழுவாள், இல்லாவிட்டால் வைத்துக்கொண்டு குத்துவாள். இரண்டும் உனக்கு ஆகாது.

ஆனால் உனக்குப் பொய் சொல்ல வராது, சின்ன வயசிலிருந்தே வராது. காது சிவந்துவிடும். அதனால் சொல்லிக் கொடுக்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். அம்மா செத்துப்போனாள் என்பதை அவர்கள் கேட்கும் முன்னால் நீயாக ஆரம்பிக்காதே. கேட்டால் சொல். சொல்லும்போது தலையைக் குனியாதே, குரலைத் தாழ்த்தாதே, கண்ணைத் துடைக்காதே. பழைய சாவுக்கு யாரும் அழுவதில்லை, அழுதால்தான் சந்தேகம் வரும். வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டோ, செருப்பில் இருக்கிற மண்ணைத் தட்டிக்கொண்டோ சொல். என்ன நோவு என்றால் மலைக்காய்ச்சல் என்று சொல், இந்தப் பக்கம் காய்ச்சலில் ஆள் போகாத வீடு இல்லை, மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். ஆண்கள் இதோடு விட்டுவிடுவார்கள். பெண்ணின் தாய் மட்டும் விடமாட்டாள். இலை போட்டுப் பரிமாறும்போது, உன் பக்கத்தில் குனிந்து, அம்மா முகம் ஞாபகம் இருக்கிறதாப்பா என்று கேட்பாள். இல்லை என்று சொல். சட்டென்று சொல்லிவிடாதே. கொஞ்சம் யோசித்துப் பார்க்கிற மாதிரி இருந்துவிட்டு, இல்லை என்று சொல்.